பழைய மாருதி 800 மக்கர் செய்தால் முதலில் எங்கே பார்ப்பது?

மாருதி 800 ரோட்டுக்கு வந்தது 1983 டிசம்பரில். தயாரிப்பு நின்றது 2014 ஜனவரியில். இதில் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் பாகம்) வைத்து வந்த பழைய வண்டிகளைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன். 796 சிசி, மூன்று சிலிண்டர், கம்ப்யூட்டர் கிடையாது. ஸ்கேனரைச் செருகி என்ன கோளாறு என்று கேட்க வழியில்லை. ஆனால் ஒரு மீட்டரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் முக்கால்வாசிக் கோளாறுகளை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

புதிதாகப் பழைய கார் வாங்கியவர்கள் பணத்தைத் தொலைப்பது ஒரே வழியில்தான். வண்டி கிளம்பவில்லை என்றதும் புது பேட்டரி வாங்குவார்கள். இரண்டு வாரத்தில் அதே கதை, செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கடைக்குக் கொடுப்பார்கள். அப்புறம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர். கடைசியில் பார்த்தால் கியர்பாக்ஸுக்குப் போகிற எர்த் ஒயர் பூத்துப் போயிருக்கும். அதனால் அளந்து பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள். பழைய வண்டியில் பாகங்கள் கெடுவதைவிட அவற்றை இணைக்கும் இடங்கள்தான் அதிகம் கெடுகின்றன.

தேவையான சாமான்கள் பெரிதாக ஒன்றுமில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர். 12 வோல்ட் பல்பில் இரண்டு ஒயர் கட்டிய டெஸ்ட் லேம்ப். 10, 12, 14 ஸ்பேனர்கள். பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), உப்புத்தாள், பழைய பல் துலக்கும் பிரஷ், ஒரு ஜோடி ஜம்பர் கேபிள். டெஸ்ட் லேம்ப்பை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். சில இடங்களில் அது மீட்டரைவிட நல்ல சாட்சி. ஒரே ஒரு இழை பிடித்துக்கொண்டிருக்கும் ஒயரில்கூட மீட்டர் 12 வோல்ட் காட்டும். பல்பு எரிய கரன்ட் ஓட வேண்டுமே, அங்கே குட்டு வெளிப்பட்டுவிடும்.

கை வைக்கும் முன் கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட்பிரேக் இழுத்திருக்கட்டும். மோதிரம், கைச்சங்கிலி, உலோகப் பட்டை வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது.

சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை

முதலில் ஹெட்லைட்டைப் போடுங்கள். வெளிச்சம் சுவரில் விழும்படி வண்டி நின்றால் நல்லது. இப்போது சாவியைத் திருப்பி வெளிச்சத்தைக் கவனியுங்கள்.

லைட் அப்படியே செத்துப்போனால் பேட்டரியிலோ டெர்மினலிலோ கோளாறு. லைட் பிரகாசமாகவே இருந்து, சத்தமும் இல்லையென்றால் செல்ஃபுக்கு உத்தரவே போகவில்லை. சாவி சுவிட்ச், சாலினாய்டுக்கு (செல்ஃபின் மேல் இருக்கும் மின்காந்த சுவிட்சுக்கு) போகும் சிறிய ஒயர் இரண்டையும் பார்க்க வேண்டும். 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டு, லைட் கொஞ்சம் மங்கினால் சாலினாய்டு வேலை செய்கிறது, மோட்டாருக்குப் போதிய கரன்ட் போகவில்லை. 'டக டக டக' என்று தொடர்ந்து அடித்தால் பேட்டரி வலுவிழந்திருக்கிறது.

அடுத்து மீட்டர். டிசி 20 வோல்ட்டில் வைத்துப் பேட்டரியை அளந்து பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றாமல் மேற்கொண்டு எதையும் சோதித்துப் பயனில்லை. சாவியைத் திருப்ப ஒருவரை உட்காரவைத்துவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள். செல்ஃப் சுற்றும் நேரத்தில் 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரி தேவலாம். முழு சார்ஜ் ஏற்றிய பிறகும் 9க்குக் கீழே விழுந்தால் பேட்டரியின் காலம் முடிந்தது.

பேட்டரி நன்றாக இருக்கிறது, ஆனாலும் செல்ஃப் முனகுகிறது என்றால் நேராகக் கடைக்குப் போகாதீர்கள். இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முளையின் மேலேயே வையுங்கள். முளையைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பின் மேல் அல்ல, ஈய முளையில். மறுமுனையை எஞ்சின் உலோகத்தில், பெயிண்டும் ஆயிலும் இல்லாத இடத்தில் அழுத்திப் பிடியுங்கள். சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும், 0.2 வரை சரி. 0.5, 1 என்று ஏறினால் அவ்வளவு வோல்ட்டை எர்த் பாதை தின்கிறது. இப்போது மீட்டர் முனையை முளையிலிருந்து கிளாம்ப்புக்கு நகர்த்துங்கள். அளவு சட்டென்று குறைந்தால் கோளாறு முளைக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில். குறையவில்லையென்றால் ஒயரின் மறுநுனியில், கியர்பாக்ஸில் போல்ட் போட்டிருக்கும் இடத்தில். ப்ளஸ் பக்கத்தையும் இதே மாதிரி பார்க்கலாம்: ஒரு முனை ப்ளஸ் முளையில், மறுமுனை செல்ஃபின் தடித்த போல்ட்டில்.

மீட்டர் இல்லையா? ஜம்பர் கேபிளின் ஒரு நுனியைப் பேட்டரி மைனஸிலும், இன்னொன்றை எஞ்சின் உலோகத்திலும் கவ்வவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வண்டி துள்ளிக் கிளம்பினால் எர்த்தான் குற்றவாளி.

வைத்தியம் எளிது. டெர்மினலைக் கழற்றி, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பதன் மேல் சமையல் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றி பிரஷால் தேயுங்கள். கரைசல் பேட்டரி அறைகளுக்குள் இறங்கக் கூடாது. காய்ந்ததும் முளையையும் கிளாம்ப்பின் உள்பக்கத்தையும் உப்புத்தாளால் பளிச்சென்று ஆகும்வரை தேய்த்து, இறுக்கி, அதன் மேல் வாசலின் தடவுங்கள். எர்த் போல்ட்டையும் அப்படியே. கிளாம்ப் கையால் ஆட்டினால் ஆடக் கூடாது. ஆடும் கிளாம்ப்புக்குள் தகரத் துண்டு செருகும் வழக்கம் ஊரெங்கும் உண்டு. அதை எடுத்துப் போட்டுவிட்டுப் புது கிளாம்ப் மாட்டுங்கள்.

பேட்டரி அடிக்கடி இறங்குகிறது

எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஹெட்லைட்டும் ஹார்னும் போட்டு, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்து அளந்தாலும் 13.5க்குக் கீழே இறங்கக் கூடாது. 12 சொச்சத்திலேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் சார்ஜ் அளவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது. அப்படியே ஓட்டினால் பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும், பல்புகள் ஒவ்வொன்றாகப் போகும். ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்கும் முன் பெல்ட்டைப் பாருங்கள். கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கலாம், அதற்கு மேல் தொய்வு கூடாது. காலையில் கிளம்பியதும் கீச்சென்று கத்துவதும் இந்தப் பெல்ட்தான்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி 'ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா' என்று பார்க்கும் பழக்கம் சிலருக்கு இன்னும் இருக்கிறது. டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் டயோடுகள் அந்த நொடியிலேயே போகலாம். யாராவது செய்ய வந்தால் தடுத்துவிடுங்கள்.

சார்ஜ் ஒழுங்காக ஏறியும் இரண்டு நாள் நின்றால் பேட்டரி படுத்துவிடுகிறதா? அப்படியானால் எங்கோ கரன்ட் கசிகிறது. சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்தி, மைனஸ் ஒயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து ஒயருக்கும் முளைக்கும் நடுவில் இணையுங்கள். இந்த நிலையில் மட்டும் மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டர் காலி. 0.05 ஆம்பியருக்கு மேல் காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது அளவு விழுகிறதோ அந்த லைனில்தான் கசிவு. ஃபியூஸ் எதைப் பிடுங்கியும் விழவில்லையென்றால் பழைய ஓனர் ஃபியூஸுக்கு வெளியே நேராக இழுத்த ஒயர்களைத் தேடுங்கள்: ஸ்டீரியோ, சென்ட்ரல் லாக், ரிவர்ஸ் எடுத்தால் பாட்டுப் பாடும் ஹார்ன். இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் மாட்டும். அதிலும் மாட்டாவிட்டால் ஆல்டர்னேட்டர் டயோடு.

செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

இங்கே வேண்டியது இரண்டு: பிளக்கில் பொறி, கார்புரேட்டரில் பெட்ரோல். எது இல்லை என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பெட்ரோலை முதலில் பார்த்துவிடலாம். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, எஞ்சின் ஆஃபில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டர் கேபிளைக் கையால் இழுங்கள். கார்புரேட்டர் வாய்க்குள் பெட்ரோல் சர்ரென்று பீச்ச வேண்டும். பீச்சினால் பெட்ரோல் வருகிறது. பீச்சவில்லையென்றால் பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். விட்டு விட்டுத் துடிப்பாக வர வேண்டும். வந்தால் கார்புரேட்டரின் ஊசி வால்வோ ஜெட்டோ அடைத்திருக்கிறது. வரவில்லையென்றால் ஃபில்டர், பம்ப் டயஃப்ரம், டேங்க் பைப் என்று பின்னோக்கிப் போக வேண்டும். பெட்ரோலோடு விளையாடும்போது பக்கத்தில் பீடி, சிகரெட், விளக்கு எதுவும் கூடாது.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டிகள் வந்த காலத்து ரப்பருக்கு எத்தனால் ஆகாது. ஹோஸ் ஊறிப்போகும், உள்ளே உரிந்து துகள் துகளாக ஜெட்டை அடைக்கும், பம்ப் டயஃப்ரமும் கெடும். எத்தனால் தண்ணீரை இழுக்கும் குணமுள்ளது. மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்க் அடியில் தண்ணீர் பிரிந்து தங்கிவிடும். எத்தனாலுக்கு ஏற்ற ஹோஸ் கேட்டு வாங்கி, எல்லா பெட்ரோல் ஹோஸையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். பழைய காருக்குச் செய்யும் செலவில் இதைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் ஒழுகும் ஹோஸ் என்றால் கோளாறோடு போகாது, வண்டியே எரிந்துபோகும்.

பெட்ரோல் வருகிறது என்றால் பொறியைப் பாருங்கள். கழற்றிய பெட்ரோல் ஹோஸை முதலில் மாட்டி, சிந்தியது காய்ந்த பிறகு இதைத் தொடங்க வேண்டும். ஒரு ஸ்பேர் பிளக்கை பிளக் ஒயரில் மாட்டி, அதன் உலோகப் பகுதி எஞ்சினில் படும்படி வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். கையால் பிடிக்காதீர்கள், அடி பலமாக இருக்கும். நீலமாக, 'டிக் டிக்' என்ற சத்தத்தோடு பொறி வர வேண்டும். மஞ்சளாக, மெலிதாக வந்தால் அது போதாது.

பொறியே இல்லையென்றால், பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து செல்ஃப் அடிக்கச் சொல்லி, உள்ளே ரோட்டர் சுற்றுகிறதா என்று பாருங்கள். இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது கேம்ஷாஃப்ட். கேம்ஷாஃப்ட்டைச் சுற்றுவது டைமிங் பெல்ட். ரோட்டர் அசையாமல் நின்றால் பெல்ட் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அதோடு செல்ஃப் அடிப்பதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ரோட்டர் சுற்றினால், சாவியை ஆனில் வைத்து, பொறிக்கான உயர் வோல்ட்டை உண்டாக்கும் காயிலின் ப்ளஸ் முனையில் கரன்ட் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் சாவி சுவிட்ச் பக்கம் கோளாறு. இருந்தால் டெஸ்ட் லேம்ப்பைக் காயிலின் மைனஸ் முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் பிடித்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பல்பு மினுக் மினுக்கென்று எரிந்து அணைந்தால் பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் கரன்ட்டை விட்டு விட்டு அறுக்கும் சுவிட்ச்) வேலை செய்கிறது; காயிலையும், அதிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவுக்குப் போகும் ஒயரையும் சந்தேகியுங்கள். ஒரேயடியாக எரிந்தாலும், எரியவே இல்லையென்றாலும் பெரும்பாலும் பாயிண்ட்டில்தான் கோளாறு. அது கருகியிருந்தால் உப்புத்தாளால் லேசாக இழுத்துவிட்டு, கேம் முனை பாயிண்ட்டை முழுதாகத் திறந்து நிற்கும் நிலையில் ஃபீலர் கேஜால் 0.4 முதல் 0.5 மி.மீ. இடைவெளி வையுங்கள். புது பாயிண்ட் சில வாரத்தில் மறுபடி கருகினால், பாயிண்ட்டில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சரை மாற்ற வேண்டும். எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்த பிந்தைய வண்டிகளில் இந்தப் பாயிண்ட் வேலையே கிடையாது.

மழையில் தண்ணீர் தெறித்து நின்ற வண்டியா? டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்பக்கத்தையும் பிளக் ஒயர்களையும் உலர்ந்த துணியால் துடைத்தாலே கிளம்பிவிடும். மூடியில் மயிரிழை மாதிரிக் கருங்கோடு தெரிந்தால் அது கரன்ட் ஓடிய தடம், மூடியை மாற்றித்தான் ஆக வேண்டும். ராத்திரி இருட்டில் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள், கசியும் ஒயர்களில் நீலப் பொறி ஓடுவது கண்ணாலேயே தெரியும்.

சூடாக இருக்கும்போது மட்டும் கிளம்ப மறுக்கும் வண்டிதான் புதியவரை அதிகம் குழப்பும். ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போல ஓடும், மெக்கானிக்கிடம் போனால் சமர்த்தாக இருக்கும். நின்ற இடத்திலேயே, ஆறுவதற்குள், பொறியைப் பாருங்கள். பொறி இல்லையென்றால் சூட்டில் சாகும் காயில் அல்லது கண்டென்சர். பொறி இருந்து கார்புரேட்டரில் பெட்ரோல் பீச்சவில்லையென்றால் சித்திரை வெயிலில் ஹோஸுக்குள் பெட்ரோல் ஆவியாகிவிட்டது. பம்ப் மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிஷம் காத்திருங்கள்.

ஓடுகிறது, ஆனால் மிஸ்ஸிங் அடிக்கிறது என்றால் பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். இளம் பழுப்பு சரியான நிறம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. ஆயில் ஈரம் என்றால் ரிங் அல்லது வால்வு சீல். வெளுத்துப் போயிருந்தால் காற்று அதிகம், வாக்குவம் ஹோஸ் எங்காவது வெடித்திருக்கும். மூன்றே சிலிண்டர் என்பதால் ஒன்று படுத்தாலும் ஸ்டியரிங்வரை உதறும்.

ஹீட் ஆகிறது

மற்ற கோளாறுகளில் வண்டி நிற்கும், அவ்வளவுதான். இதில் எஞ்சினே போகும். முள் சிவப்பை நோக்கிப் போனால் உடனே ஓரம் கட்டி எஞ்சினை ஆஃப் செய்யுங்கள். வீடு இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். ரேடியேட்டர் மூடியைத் தொடக்கூட வேண்டாம். அரைமணி நேரமாவது ஆறட்டும். பச்சைத் தண்ணீரைச் சூடான எஞ்சினில் ஊற்றவும் வேண்டாம்.

எப்போது ஹீட் ஆகிறது என்பதே பாதி விடை. டிராஃபிக்கில் நின்றால் மட்டும் ஏறி, ரோட்டில் ஓடினால் இறங்குகிறதா? ஃபேன் சுற்றவில்லை. இந்த வண்டியில் ஃபேன் கரன்ட்டில் ஓடுவது. தண்ணீர் சூடானதும் தெர்மோ சுவிட்ச் அதை ஆன் செய்யும். சுவிட்சுக்கு வரும் கனெக்டரைப் பிடுங்குங்கள். இரண்டு ஒயர் இருந்தால் ஒரு துண்டு ஒயரால் இரண்டையும் இணையுங்கள், ஒரே ஒயர் என்றால் எஞ்சின் உலோகத்தில் தொடுங்கள். சாவி ஆனில் இருக்க வேண்டும். கை ஃபேன் பக்கம் போகக் கூடாது. ஃபேன் சுற்றினால் சுவிட்ச் கெட்டது. சுற்றாவிட்டால் ஃபேன் கனெக்டருக்கே பேட்டரியிலிருந்து நேரடியாகக் கரன்ட் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் சுற்றாவிட்டால் மோட்டார் போச்சு, சுற்றினால் ஃபியூஸ் அல்லது ஒயர்.

மாறாக, ஹைவேயில் வேகமாகப் போனால்தான் ஏறுகிறது என்றால் ரேடியேட்டர் அடைத்திருக்கிறது, அல்லது வாட்டர் பம்ப் சரியாகத் தள்ளவில்லை. நம் ஊரில் ரேடியேட்டர் அடைக்க முக்கியக் காரணம் போர் தண்ணீர். உப்பு படிந்து குழாய்கள் மூடிக்கொள்ளும். கூலன்ட்டையும் டிஸ்டில்ட் வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். கிளம்பிய சில நிமிஷத்திலேயே முள் மேலே போய், ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் மட்டும் சில்லென்று இருந்தால் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு) திறக்கவில்லை. 'நம்ம ஊர் சூட்டுக்கு இது எதுக்கு சார்' என்று அதைக் கழற்றி எறியும் மெக்கானிக்குகள் உண்டு. கழற்றிவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கே வராமல் பெட்ரோல் குடிக்கும், உள்ளே தேய்மானமும் கூடும். புதிது போடச் சொல்லுங்கள்.

வெளியே எங்கும் ஒழுகாமல் தண்ணீர் குறைகிறதா? ஆறிய எஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மோர்க்குழம்பு மாதிரி மஞ்சள் கூழாக இருந்தால், ஆயிலோடு தண்ணீர் கலந்திருக்கலாம். எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டருக்குள் விடாமல் குமிழி வந்தாலும், சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காவிட்டாலும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. அதற்கு மேல் அது உங்கள் வேலை அல்ல.

லைட், ஃபியூஸ்

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்குகிறது, இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட்டும் கூடவே மினுக்குகிறது என்றால் பின் விளக்கின் எர்த் பிடிக்கவில்லை. பல்பு ஹோல்டரையும் எர்த் ஸ்க்ரூவையும் தேய்த்தால் முடிந்தது. இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் படபடவென்று அடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கிறது.

ஃபியூஸ் போட்டுப் போட்டுப் போகிறதா? பெரிய ஃபியூஸ் போடுவதும், சிகரெட் அட்டைக்குள் வரும் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பதும் ஒயரிங்கையே எரிக்கும் வேலை. ஃபியூஸ் இருந்த இரண்டு முனைகளுக்கு நடுவில் ஒரு ஹெட்லைட் பல்பை இணையுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஒயர் எரியாது. இப்போது அந்த லைனின் ஒயரை ஒவ்வொரு இடமாக அசைத்துக்கொண்டே போங்கள். எங்கே அசைக்கும்போது பல்பு மங்குகிறதோ அங்கேதான் ஒயர் உரசி உரிந்திருக்கிறது. கதவுக் கீல், டேஷ்போர்டு பின்பக்கம், டிக்கி கீல் இவைதான் வழக்கமான இடங்கள்.

சத்தங்களும் பெடல்களும்

மெக்கானிக்கல் பக்கம் உங்கள் வேலை கோளாறைச் சரியாகச் சொல்வதுவரைதான். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக ஓட்டும்போது 'டக டக' என்றால் ஆக்ஸில் ஜாயின்ட், அதன் ரப்பர் கவர் கிழிந்து கிரீஸ் வெளியே வந்திருக்கும். வேகம் கூடக்கூட 'ஊம்' என்று கூடும் இரைச்சல் வீல் பேரிங். பள்ளத்தில் மட்டும் தட்டினால் லோயர் ஆர்ம் புஷ் அல்லது பால் ஜாயின்ட்.

கிளட்ச் கேபிளில் இயங்குவது. பெடல் மேலே 15, 20 மி.மீ. சும்மா இறங்கிவிட்டு அப்புறம் இறுகினால் சரி. கியர் உரசிக்கொண்டு விழுந்தால் கேபிள் தொய்வு, நீங்களே இறுக்கிக்கொள்ளலாம். எஞ்சின் மட்டும் இரைந்து வண்டி வேகம் எடுக்கவில்லையென்றால் முதலில் கேபிள் அதிக இறுக்கமா என்று பாருங்கள். இல்லையென்றால் பிளேட் தேய்ந்துவிட்டது.

பிரேக் பெடலை ஒரே அழுத்தமாக மிதித்துப் பிடித்திருக்கும்போது அது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், வெளியே ஒழுகலும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டர் உள்ளே கசிகிறது. பஞ்சு போல அமுங்கினால் லைனில் காற்று. சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் வீல் சிலிண்டர். மூன்றில் எதுவானாலும் வண்டியை எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

அவர் வந்ததும் 'ஏதோ சத்தம் வருது, பாருங்கண்ணே' என்று மட்டும் சொல்லாதீர்கள். சூட்டிலா குளிரிலா, எந்த கியரில், எந்த வேகத்தில், மீட்டரில் என்ன அளவு வந்தது, எதையெல்லாம் ஏற்கெனவே பார்த்தாயிற்று என்று சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை கடையில் புதுசு வாங்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டியிருக்கும். 800க்கு என்று விற்கும் எல்லாமே 800க்குப் பொருந்துவதில்லை.